பத்தரை மணி நேரம் கழி

தம்பி, நேற்று நான் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு சங்கராபுரம் வரைக்கும் போய், நாலு வீட்டில் உன் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் டிக்கெட் எடுக்கப் பாக்கெட்டைத் துழாவியபோதுதான் தெரிந்தது. பாக்கெட் உள்ளே இருந்தது, தையல் வெளியே இருந்தது. கழுத்துக்குப் பின்னால் கடைக்காரனின் லேபிள் இத்தனை நேரமும் கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. நாலு வீட்டிலும் காபி கொடுத்தார்கள், வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள், ஒருவரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா என்ற மரியாதை. கண்டக்டருக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. “இன்னாங்க பெரியவரே, சட்ட கோச்சிக்கினு திரும்பிக்கிச்சா?” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது, ஓடுகிற பஸ்ஸில் சட்டையைக் கழற்றித் திருப்பிப் போடவா முடியும்?

அவசரத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவசரம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளாகவே எனக்கு நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்து நிற்கிறேன், எழுந்து நின்றால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. கடையில் ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் கேட்கிறவருக்கு ஒரே பக்கத்தை இரண்டு தடவை எடுத்துக் கொடுக்கிறேன். “ஏங்க, ரெண்டுலயும் என் மூஞ்சியே இருக்குதே, அட்ரஸ் எங்க?” என்று ஒரு அம்மா திட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் நீ சென்னையிலிருந்து போன் பண்ணும்போது சொல்லிவிடலாம் என்றால், உன் அம்மா என் தோளுக்குப் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதனால் எழுதுகிறேன். கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரம். யாராவது வந்தால் எழுந்து போய்விட்டு வந்து தொடர்வேன், நடுவில் பேச்சு அறுந்தால் பொறுத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை உன் அம்மா பார்க்காமல் இருக்கப்போவதில்லை. நம் வீட்டில் அவள் பிரிக்காத கவர் கிடையாது. ஆனால் நடுவில் கம்ப்யூட்டர் சமாசாரம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள், அதற்கு மேல் ஒரு வரி படிக்க மாட்டாள். அந்தத் தைரியத்தில், சொல்ல வேண்டியதை எல்லாம் அதற்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

நான் படித்த படிப்பு உனக்குத் தெரியும். பிளஸ் டூவில் கணக்கில் விளிம்பில் தொற்றிக்கொண்டு பாஸ். அதற்குப் பிறகு ரைஸ் மில்லில் மூட்டைக்குச் சீட்டு எழுதும் வேலை. கல்யாணமான புதிதில் கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள், ஆறு மாதக் கோர்ஸ். சி மொழி நடத்திய வாத்தியார் முக்கால்வாசியில் ஒருவருக்கும் சொல்லாமல் துபாய்க்குப் போய்விட்டார். அதனால் எனக்குப் பாயின்டர் பாடம் வரைக்கும்தான் தெரியும். அதற்கப்புறம் சி மொழியில் என்ன இருக்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு ரகசியம்தான். அந்த முக்கால் படிப்பை வைத்துக்கொண்டு, ஒரு ஜோசியரிடம் பஞ்சாங்கக் கணக்கைக் கேட்டுக் கேட்டு, ஜாதகம் போடும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று போர்டு மாட்டினேன். கூட்டமான கூட்டம். சின்னசேலம், களமருதூர் என்று எங்கிருந்தெல்லாமோ கைக்குழந்தையோடு வந்தார்கள். பிரிண்டர் கிர்கிர் என்று இழுக்கும், உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தாளின் ஓரத்தில் இருக்கும் ஓட்டைப் பட்டையைக் கிழித்து, நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, மடித்துக் கொடுப்பாள். அந்தக் காலத்தில் சி மொழியோடு வந்த லைப்ரரியின் தேதிக் கணக்குக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுக்கு முன்னால் உலகமே கிடையாது. அதற்கு முன் பிறந்தவர்களின் தேதியைப் போட்டால் என் பெட்டி கண்டபடி உளறும். “இன்னாய்யா மிஷினு இது, எங்கம்மா இன்னும் பொறக்கவே இல்லன்னுது. அப்ப நான் எங்கேர்ந்து வந்தேன்?” என்று ஒருத்தர் சண்டைக்கு வந்தார். அப்புறம் பெரியவர்களை எல்லாம் ஜோசியரிடமே அனுப்பிவிட்டேன், குழந்தைகளை நான் வைத்துக்கொண்டேன்.

அப்படி என் கடையில் ஜாதகம் அடித்த கைக்குழந்தைகளில் ஒன்றுதான் தமிழரசி. நீ கட்டிக்கொள்ளப் போகிறவள். சென்னையில் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப்போய், சொந்த ஊர் எது என்று கேட்டால் அவள் சங்கராபுரம் என்றாளாம், நீ கள்ளக்குறிச்சி என்றாயாம். இதற்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம், பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்திருக்கலாம் என்று நான் சொன்னதற்கு நீ மட்டும்தான் சிரித்தாய்.

அவர்கள் வீட்டிலிருந்து ஜாதகம் வந்த அன்று உன் அம்மா அதைப் பிரித்ததும் முகம் மலர்ந்தது. “நம்ம கடையில அடிச்சதுங்க இது. இந்த மஞ்ச நான் வெச்சது” என்றாள். அடுத்த வரியில் கண் போனது. ஆயில்யம். அப்படியே மடித்துவிட்டாள். “பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா வேணாம்” என்றாள். ஆயில்யத்துக்கு என்ன என்று நீ கேட்டாய். “மாமியாருக்கு ஆவாது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். “மாமனாருக்கு ஆகாத நட்சத்திரமா இருந்தா, போனா போவுதுன்னு நான் ஒத்துக்கினு இருப்பேன்டா” என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். உள்ளே பாத்திரம் ஒன்று கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது. நீ போனில் பார்த்துச் சொல்கிறேன் என்றதற்கும் மசியவில்லை. “அதுல நிமிசத்துக்கு ஒருக்கா வெளம்பரம் வருது. அதப் போய் நம்பவா? உங்கப்பா பொட்டி சொல்லட்டும், அப்ப பாக்கலாம்” என்றாள். அந்தப் பெட்டி புகைந்து போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, அது அவளுக்கும் தெரியும். கதவைச் சாத்துவதற்காகத்தான் அப்படிச் சொன்னாள். நீதான் அந்தச் சந்தில் காலை விட்டாய். “அப்பா, புரோகிராம் எழுதின கோடு எங்கனா இருக்குதா?”

இருந்தது. ஒரு சிடியில் போட்டு, உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு வைத்திருந்தேன். நீ அதை லேப்டாப்பில் ஏற்றிக் கம்பைல் கொடுத்தாய். தம்பி, என் வாழ்நாளில் அவ்வளவு திட்டு நான் மொத்தமாக வாங்கியதில்லை. திரை கொள்ளாமல் எர்ரர், மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருந்தது.

“இன்னாடா இது, வருஷக்கணக்கா ஓடினதுடா!”

“ஓடினது அந்த ஊர்லப்பா. இது வேற ஊரு. நீங்க கூப்பிடற ஆளுங்க பாதிப் பேரு இங்க இல்ல.”

திரையைத் துடைக்க நான் எழுதியிருந்த கிளியர் ஸ்க்ரீனைக் கேட்டால், அப்படி ஒருத்தர் இந்த ஊரிலேயே இல்லை என்றது. தேதி வாங்கும் கெட்டேட்டைக் கேட்டால், “இருக்காருப்பா, ஆனா அதே பேருல வேற ஆளு. இவருக்குக் குடுக்கறதும் வேற, இவரு திருப்பித் தரதும் வேற” என்றாய். பேர் கேட்டு வாங்க நான் எங்கே பார்த்தாலும் கெட்ஸ் போட்டிருந்தேன். நீ படித்துக் காட்டினாய்: “இது ஆபத்தானது, பயன்படுத்தாதீங்கங்குதுப்பா.” அடுப்படியிலிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்து, “ஆரு, உங்கப்பாவா?” என்றாள். அவள் கோபம் கொஞ்சம் இளகியது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி நீ எர்ரர் எல்லாவற்றையும் வாயடைக்க வைத்தாய். பெண்ணின் தேதியும் நேரமும் போட்டாய். பூசம் என்று வந்தது. நான் கையைத் தட்டினேன். உன் அம்மா ஈரக் கையோடு வந்து நின்று, “பூசமா?” என்றாள். “நீ எதனா மாத்தினியா?” என்றாள். “ஓடறதுக்கு வேண்டியத மட்டும்தாம்மா மாத்தினேன்.” அவள் என்னைப் பார்த்தாள். “எர்ரர் ஏதாவது இருக்குதாடா?” என்று நான் பெரிய அதிகாரி மாதிரி உன்னைக் கேட்டேன். “ஒன்னுகூட இல்லப்பா.” மறுநாள் அவளே சங்கராபுரத்துக்குப் போன் போட்டு, “பூசம்தாங்களாம், மொதல்ல அடிச்சது மிஷின் தப்பாம்” என்றாள். நாள் குறித்தோம், மண்டபம் பிடித்தோம், பத்திரிகை அடித்தோம்.

இனிமேல் வருவதுதான் நான் சொன்ன கம்ப்யூட்டர் சமாசாரம். உன் அம்மா இந்நேரம் கண்ணாடியைக் கழற்றியிருப்பாள்.

போன வாரம் மண்டபச் சமையல் பேச நம் சம்பந்தி வந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ போய், மகள் பிறந்த கதைக்கு வந்தது. “வடலூர்ல பூசத்துக்கு ஜோதி பாத்துட்டு, மறுநாள் வந்து பஸ்ஸ வுட்டு எறங்கறேன் சம்பந்தி. தெரு முக்குலயே நிறுத்தி, ‘இப்பத்தான் பொண்ணு பொறந்துச்சு, நீ எங்கய்யா சுத்திக்கினு வர’ன்னு கேக்கறாங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள். நான் கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மறுநாள். பூசத்துக்கு மறுநாள் ஆயில்யம்.

கடைக்கு வந்து, இங்கே இருக்கும் கம்ப்யூட்டரிலும் நீ ஏற்றிவிட்டுப் போன புரோகிராமைத் திறந்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களைப் போட்டுப் பார்த்தேன். உன்னைப் போட்டேன். நீ சதயம், அது அவிட்டம் என்றது. எதிர்க்கடைக்காரரின் பேத்தி ரோகிணி, அவளைக் கார்த்திகை ஆக்கியிருந்தது. சிலர் நகரவில்லை, சிலர் ஒரு நட்சத்திரம் பின்னால் போயிருந்தார்கள். புது லைப்ரரிக்கு எழுபதுக்கு முந்தின தேதியெல்லாம் ஒரு பொருட்டில்லை என்று நீ சொன்னது ஞாபகம் வந்து, உன் அம்மாவையும் போட்டேன். அவளும் பூசம் ஆகிவிட்டாள். உனக்கு இது தெரிந்திருக்காது, நம் வீட்டில் இதைப் பேசுவதில்லை. உன் அம்மா ஆயில்யம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது, நீயாக இருந்தால் இரண்டு நிமிஷம். நான் முதன்முதலில் இதை எழுதியபோது நட்சத்திரம் எல்லாம் தள்ளித் தள்ளித்தான் வந்தது. ஏன் என்று தெரியவில்லை, கேட்கலாம் என்றால் வாத்தியார் துபாயில். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூட்டிப் பார்த்து, கழித்துப் பார்த்து, கடைசியில் பிறந்த நேரத்திலிருந்து பத்தரை மணி நேரம் கழித்தால் எல்லாம் ஒத்துவருகிறது என்று கண்டுபிடித்தேன். ஒரு வரி எழுதினேன். காரணம் தெரியாமலேயே அந்த வரியில் இத்தனை வருஷம் பிழைத்தேன். இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தேதியையும் மணியையும் நொடிக்கணக்காக மாற்றித் தருகிற ஃபங்ஷன் ஒன்று இருக்கிறதே, அந்தக் காலத்தில் அதற்கு நாம் ஊரைச் சொல்லாவிட்டால், பெட்டி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளுமாம். நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதே தெரியாது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, என் பெட்டி தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்திருக்கிறது. அந்தக் கரை மணிக்கும் நம் ஊர் மணிக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம். நான் கழித்த பத்தரை மணி, அங்கிருந்து அதை இழுத்து வந்து நம் ஊரில் போட்டது. உன் புது லைப்ரரியில் அதே பேரில் அதே ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் அதற்கு நம் ஊர் மணி முன்பே தெரிந்திருக்கிறது. அது சரியாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறது, என் பழைய வரி அதிலிருந்து இன்னொரு பத்தரை மணியைப் பிடுங்கிக்கொள்கிறது. காலையில் பிறந்த பெண்ணை முந்தின நாள் ராத்திரியே பிறக்கவைத்துப் பூசத்தில் போட்டுவிட்டது. அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். நீ சதயத்துக்கு வந்தாய். அவள் ஆயில்யத்துக்கு வந்தாள். உன் அம்மாவும் வந்துவிட்டாள்.

இரு, ஒருத்தர் பான் கார்டுக்குப் போட்டோ எடுக்க வந்திருக்கிறார்.

வந்துவிட்டேன். ஒன்று உன்னிடம் கேட்கலாம் என்று பல தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன். அந்த வரியை நீ பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டாயா? திரை முழுக்க எர்ரரை உட்கார்ந்து துடைத்தவன், ‘பத்தரை மணி நேரம் கழி’ என்று பட்டையாக எழுதியிருந்த ஒரு வரியைப் பார்க்காமலா இருந்திருப்பாய்? கேட்க மாட்டேன், நீயும் சொல்லாதே. தெரியாமல் விட்டாய் என்றால் உன் வேலையைப் பற்றிக் கவலைப்படுவேன், தெரிந்தே விட்டாய் என்றால் உன் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நீயும் ஒருவனாகிவிடுவாய். இரண்டும் எனக்கு வேண்டாம்.

அந்த இரண்டு நாளில் எனக்கு வேறொன்று உறைத்தது, அதைச் சொல்லாமல் போனால் நான் அப்பன் இல்லை. கத்துகிற எர்ரரால் நமக்கு ஒரு கெடுதலும் இல்லை, தம்பி. ‘இந்த ஆள் இங்கே இல்லை’ என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுகிறது, வேறு ஆளைப் பிடித்துக்கொள்கிறோம். பேரும் அதே பேராக, கூப்பிட்டால் வருவதும் வழக்கம்போலவே வந்து, உள்ளே மட்டும் ஆள் மாறியிருப்பதுதான் நம்மைக் கவிழ்ப்பது. நான் ரைஸ் மில் வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் படிக்கப்போகிறேன் என்றபோது உன் அம்மா, “உங்க இஷ்டம்” என்றாள். சொல்லிவிட்டுக் காதில் இருந்ததைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். நாலைந்து வருஷம் கழித்து, சின்னசேலத்திலும் ஒரு கடை போடலாம், ரயிலடியில் நல்ல இடம் என்றேன். “உங்க இஷ்டம்” என்றாள். அதே சொல், அதே குரல். நான் எர்ரர் எதுவும் வரவில்லை என்று போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நீ அப்போது இரண்டு வயசுப் பிள்ளை, உனக்கு மூச்சிரைப்பு, அவள் தனியாக உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் இந்தக் கடைக்கும் அலைந்த மழைக்காலம் அது. நான் ரயிலடியில் போர்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். சின்னசேலம் கடை எழும்பவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவும் இல்லை. கம்பைல் ஆகிறது, ஓடுகிறது, வருகிற விடை மட்டும் தப்பு என்ற நிலைமை வீட்டுக்குள்ளும் வரும். தமிழரசி ‘சரி’ என்றால், போன வருஷத்துச் சரியா இந்த வருஷத்துச் சரியா என்று முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள். நான் கேட்காமல் விட்டது கொஞ்சம் ஜாஸ்தி.

ஆனால் எனக்கு நிலைகொள்ளாமல் போனது இதனால் இல்லை. உன் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா? அதுதான். பெண் பூசம் என்று நம்பி அவள் சம்மதித்திருக்கிறாள். அவள் பயந்ததற்குக் காரணம் இருப்பதாக நான் நினைத்தேன். அவள் ஆயில்யம் என்று தெரிந்தேதான் என் அம்மா அவளைக் கட்டிவைத்தார்கள். கல்யாணமாகி மூன்றாம் மாதம் என் அம்மா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், எழுந்திருக்கவில்லை. தன் விஷயத்தில் பலித்துவிட்டது என்று உன் அம்மா நம்புகிறாள், அதே பயம் இப்போது தன் உயிருக்கு வந்திருக்கிறது, உயிர்ப் பயத்தில் இருக்கிறவளை ஏமாற்றிக் கல்யாணம் பண்ணிவைப்பது பாவம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லிவிட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்றும் தோன்றியது. நடந்தேன். உட்கார்ந்தேன். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சங்கராபுரம் போனேன்.

இன்றைக்குக் காலையில் வெள்ளிமலையில் இருக்கிற உன் அம்மாவின் சிநேகிதிக்குப் பத்திரிகை வைக்க இரண்டு பேரும் மலைக்குப் போனோம். அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர், உனக்குத் தேன் பாட்டில் கொடுத்தனுப்புவாரே, அவர்தான். கச்சிராயப்பாளையம் தாண்டி வளைவு ஏறும்போதே சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டேன். ஏறும்போது அவள் ஜன்னல் பக்கம் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரே மரவள்ளிக் கிழங்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன, வேறு ஆள் இல்லை. தொண்டையைச் செருமினேன். அவள் முந்திக்கொண்டாள்.

“இன்னா, ஒரு வாரமா எலி புடிக்கப் போறாப்பல சுத்திக்கினு இருக்கிறீங்க?”

“ஒன்னுமில்ல. அந்தப் பொண்ணு நட்சத்திரம்... அப்பவே நீ ரொம்ப பயந்துட்ட.”

“பயமா? எனக்கா?” அவள் சிரித்தாள். “நான் செத்துடுவேன்னு பயந்தேன்னு நெனச்சிக்கினு இருந்தீங்களா? போங்க நீங்க. எனக்குச் சர்க்கர இருக்குது, முட்டி தேஞ்சி போச்சி. எவ வந்தாலும் வராட்டியும் நான் ஒரு நாளு போவத்தான் போறேன். அந்தப் பொண்ணு வந்த வருசம் நான் வழுக்கி வுழுந்தேன்னு வெச்சிக்கங்க, ஊரு யாரப் பாக்கும்? வாயத் தொறந்து ஒருத்தியும் சொல்ல மாட்டா. பாப்பாளுங்க. அந்தப் பார்வய நான் பாத்திருக்கறேன்.”

நான் மரவள்ளி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்கம்மா நல்லவங்க. ‘ஆயில்யம்தான, என்ன இன்னா பண்ணிடப் போவுது’ன்னு சிரிச்சிக்கினே பூ வெச்சாங்க. அவங்க கருமாதி அன்னிக்கு, பந்தல்ல எல்லாருக்கும் சொம்புல தண்ணி எடுத்துக்கினு போறேன். உங்க பெரியம்மா வேணாம்னு சொல்லல. வாங்கினாங்க. வாங்கி, குடிக்காம கீழ வெச்சாங்க. அதப் பாத்துட்டுப் பக்கத்துல இருக்கறவங்களும் வாங்கி வாங்கிக் கீழ வெச்சாங்க. நான் சொம்பு சொம்பா கொண்டாந்துக்கினே இருக்கறேன், வரிசையா கீழயே இருக்குது. நீங்க பந்தக்கால புடிச்சிக்கினு நின்னீங்க.”

நின்றேன். அதை அவள் பார்த்தாள் என்பது எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

“அதுதான் வேணாம்னேன். அந்தப் பொண்ணு நல்லாப் படிச்ச பொண்ணு, நம்ம வூட்டுக்கு வந்து அதெல்லாம் படணுமா? பூசம்னு வந்துச்சு, அப்பாடான்னு இருந்துச்சு.” கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஆனா ஏங்க, சம்பந்தி அன்னிக்கு மறுநாளுன்னாரே. பூசத்துக்கு மறுநாள் பொறந்தவ எப்டிங்க பூசம் ஆவா?” என்றாள்.

தம்பி, நான் சொல்ல வந்ததை அவளே எடுத்து என் கையில் வைத்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

“நட்சத்திரம் இன்னா நம்ம காலண்டரப் பாத்தா முடியுது? அந்த வருஷம் பூசம் மறுநாள் காலையில வரைக்கும் இருந்திருக்கும்” என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கடையில் தப்பாக ஜெராக்ஸ் எடுத்துவிட்டு மறைக்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. “இருக்கும்” என்றாள். “ஆரு கேட்டாலும் அதயே சொல்லுங்க. இதே மாதிரி சத்தமா சொல்லுங்க.”

அவளுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா, எனக்குத் தெரியாது. நான் அந்தப் பெட்டியைப் படித்த அளவுக்குக்கூட அவளைப் படித்ததில்லை. நீ கல்யாணத்துக்கு நிம்மதியாக வா. நடக்கும். அதற்கப்புறம் நீங்கள் இரண்டு பேரும் சென்னைக்குப் போய்விடுவீர்கள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் மட்டும் இந்த ஊருக்கு வருவீர்கள். கெட்டதுக்கு வருகிற அன்று என்னை மாதிரி எதையாவது பிடித்துக்கொண்டு நிற்காதே. தமிழரசி பக்கத்தில் போய் நில்.

மலையில் அவள் அப்படிச் சொல்லி முடித்ததும், பஸ் மேல் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. வந்து, ஆள் இறக்கி, திருப்பி நிறுத்துகிற வரைக்கும் நேரம் இருந்தது. ஒன்று சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் தேன் பாட்டிலைப் பையில் சாயாமல் வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பையைப் பிடித்துக்கொடுத்தேன், ஏறிவிட்டோம். அங்கே நான் சொல்லாமல் விட்டது இதுதான்: “அவ ஆயில்யமாவே இருந்துட்டுப் போவட்டும். நம்ம வூட்டு நல்லது கெட்டதுல அவ எடுத்தாந்து குடுக்கற மொத சொம்புத் தண்ணிய, அத்தனை பேரு பாக்க, நான் வாங்கிக் குடிப்பேன்.”